காலுக்கேற்ற பலகை
டாவோஸ் பனிமலையில் ஒரு வாரம்

நுவரெலியாவிலே தை மாதத்து விடியற்காலையில், புற்றரை மீது உப்பைத் தூவினாற்போலப் பனி உறைந்து கிடப்பதைக் கண்டவர் நம்மிற் பலர் இருப்பர். வெயில் ஏறியதும் அது இருந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடும். நாமறிந்த பனி அவ்வளவுதான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நகரத்தைவிடத் தாழ்ந்த இடத்தில் ஓர் ஊர் உண்டு. அங்கே வீட்டு வாசல்களில் ஆளுயரத்துக்கு வெண்பனி குவிந்து கிடக்கும். கிழவரும் குழந்தைகளும் காலிலே நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு மலையுச்சியிலிருந்து வழுக்கி வருவர் என்று சொன்னால் நம்ப மனம் கூசும். ஆயினும் உண்மை அதுவே. சுவிற்சர்லாந்தின் கிழக்கு மூலையில், 1,560 மீற்றர் உயரத்தில் இருக்கும் டாவோஸ் என்பதே அவ்வூர்.

சென்ற மாசி மாதம் என்னை அவ்வூருக்கு இழுத்துச் சென்றது ஒரு குடும்ப வழக்கு. அதைச் சொல்லிவிட்டே ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் தங்கையின் குடும்பம் சூரிச் நகரில் வாழ்கிறது. மைத்துனர் 1985-ஆம் ஆண்டு அகதியாக அந்நாட்டுக்குச் சென்றவர். முதல் ஒன்பது குளிர்காலம் டாவோஸ் ஊரின் விடுதியொன்றிலே சமையலறை வேலை. அவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும். அந்நாட்டுப் பாடசாலைகள் பல, குளிர்காலத்தில் ஒரு வாரம் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் சென்று பனிச்சறுக்குப் பழக்குவது வழக்கம். அவ்விதமே இருவரும் பழகினர். மகனுக்கு இப்போது இருபத்து நான்கு வயது, நன்றாகச் சறுக்குவான். மகளுக்குப் பதினேழு. சென்ற வருடம் அவள், அண்ணனின் நண்பன் ஒருவனுடைய பலகைகளை இரவல் வாங்கிப் பூட்டிக்கொண்டு இறங்கியபோது விழுந்து, முழங்கால் இணைநார் பாதி கிழிந்து, ஆறு வாரம் காலைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

இந்த வருடம் மீண்டும் போகவேண்டும் என்கிறாள் அவள். போகக்கூடாது என்கிறாள் தாய். இதனிடையே மைத்துனர், "நானும் இவளோடு சென்று பழகப் போகிறேன்" என்று தமது அறுபதாவது வயதிலே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அண்ணா, நீங்கள் வந்து சொன்னால்தான் இருவரும் கேட்பார்கள்" என்று தங்கை தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள். தடுத்து நிறுத்தும் தூதனாகவே நான் புறப்பட்டேன்.

சிவப்பு வண்டியில்

சூரிச்சிலிருந்து செல்லும் புகையிரதம் முதலில் ஏரிக்கரையோடு ஓடுகிறது. சூரிச் ஏரி முடிய, வாலன் ஏரி வருகிறது. அதன் எதிர்க்கரையிலே செங்குத்தான பாறைச் சுவர்கள் நீரிலிருந்து நேரே எழுந்து நிற்கின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லாண்ட்குவார்ட் என்னும் சந்திப்பு. அங்கே இறங்கி, ரேற்றியன் புகையிரதப் பகுதியின் சிவப்பு நிற வண்டியில் ஏறவேண்டும். தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீற்றர் அகலமே உள்ள மலைப்பாதை அது. 1890-ஆம் ஆண்டிலேயே டாவோஸ் வரை போடப்பட்டுவிட்டது. பதுளைப் பாதையிற் சென்று பழகிய நமக்கு அந்த வளைவுகளும் குகைகளும் புதுமையல்ல. தேயிலைக்குப் பதிலாகப் பனி சுமந்த ஊசியிலை மரங்கள், அதுதான் வேற்றுமை.

கியூப்லிஸ் என்ற சிற்றூரில் வண்டி நின்றபோது, தோளிலே பலகைகளைச் சாத்திக்கொண்டு ஒரு கூட்டம் ஏறியது. டாவோஸுக்கு மேலேயுள்ள வைஸ்ஃபுளூ மலையின் முடியிலிருந்து சறுக்கத் தொடங்கி, 2,000 மீற்றருக்கு மேல் கீழிறங்கி இந்தக் கிராமம் வரையும் வந்துவிடுவார்களாம். பின் புகையிரதத்திலே திரும்புவார்களாம். பீதுருதாலகாலையின் முடி 2,524 மீற்றர். அதன் உச்சியிலிருந்து கடற்கரைப் பக்கமாக வழுக்கிக்கொண்டே வந்து, உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கைக் கடந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்!

எதிரே அமர்ந்த ஒரு மூதாட்டியின் பலகைகளை நான் உற்று நோக்குவதைக் கண்டு மருமகள் சிரித்தாள். "மாமா, என்னைத் தடுக்க வந்தீர்களா, நீங்களும் பழக வந்தீர்களா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

நோயாளரின் ஊர்

இன்று உலகத் தலைவர்களும் செல்வர்களும் தைமாதத்திற் கூடிப் பேசும் இடமாக டாவோஸ் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் அதன் முதற் புகழ் காசநோயாளரால் வந்தது. ஸ்பெங்லர் என்ற வைத்தியர் அந்த மலைக்காற்று நெஞ்சு நோய்க்கு நல்லதென்று கண்டு சொல்ல, 1865-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் முதல் நோயாளர்கள் வந்து சேர்ந்தனர். ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில், காசநோய்ப்பட்ட தமது மனைவியை அங்கே அழைத்து வந்தவருள் ஒருவர். வந்த இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. நோர்வே நாட்டிலிருந்து வந்த ‘ஸ்கீ’ என்னும் பலகைகளைப் பூட்டிக்கொண்டு, பிராங்கர் சகோதரர் இருவர் வழிகாட்ட, 1894-ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து அரோசா என்ற அயலூரை அடைந்தார். வழியில் விழுந்தும் உருண்டும், ஓரிடத்திலே இருந்தபடியே வழுக்கியும் போனதை அவரே நகைச்சுவையாக எழுதி வைத்திருக்கிறார்.

ஸ்கீ என்பது ‘பிளந்த மரம்’ என்று பொருள்படும் பழைய வட நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. கொனன் டொயிலின் பலகை எட்டடி நீளமும் நாலங்குல அகலமும் உடையதாய், தோல்வாரினாற் காலோடு கட்டப்பட்டிருந்தது. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பலகைதான். ஏறத் தெரியாதவன் விழவேண்டியதுதான். பின்னர் 1920-களில் ஒஸ்திரியாவிலே பலகையின் ஓரங்களுக்கு உருக்கு விளிம்பு பொருத்தினர். அது இறுகிய பனியைக் கடித்துப் பிடித்தது. 1990-களில் சுலோவீனியா நாட்டு நிறுவனமொன்று, இரு முனையும் அகன்று இடை மிக ஒடுங்கிய பலகையைச் செய்து வெளியிட்டது. நம்முடைய உடுக்கையை நீளமாக இழுத்தாற்போன்ற வடிவம். அந்தப் பலகையைச் சற்றே சரித்தால் போதும். அதன் வளைந்த விளிம்பே வழியை வளைத்துக்கொண்டு போகும். அதன்பின் ஆளுக்கேற்ற பலகை, பனிக்கேற்ற பலகை எனப் பல வகைகள் பெருகின.

மூன்று பேர், மூன்று பலகை

மறுநாட் காலை நாங்கள் சென்ற கடையிலே, சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான பலகைகள் சாத்தப்பட்டிருந்தன. நரைத்த தலையுடைய ஓர் அம்மையார் எங்களை எதிர்கொண்டார். மருமகள் மொழிபெயர்த்தாள்.

மருமகளுக்கு ஒரு பலகையின் மேல் ஏற்கனவே கண். கறுப்பு நிறம், நெருப்புப் போன்ற கோடுகள், பெரிய வீரர்கள் கையிலே பிடித்துக்கொண்டு நிற்கும் பலகை. அதைத் தொடப் போனவளை அம்மையார் தடுத்து, முதலில் மூன்று கேள்விகள் கேட்டார். வருடத்தில் எத்தனை நாள் சறுக்குகிறாய்? எந்த நிறப் பாதையில்? எந்த இடத்திலே பயம் தோன்றுகிறது?

நிறம் என்றது மலைப்பாதைகளின் குறியீட்டை. அந்நாட்டிலே நீலக் கம்பம் நட்ட பாதை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மருமகள் முதலிரண்டுக்கும் விடை சொன்னாள்: ஏறத்தாழ பத்து நாள், சிவப்புப் பாதை. மூன்றாவதற்கு வாய் திறக்கவில்லை. சிறிது பொறுத்து, "உறைந்து கண்ணாடி போலிருக்கும் இடத்தில்" என்றாள்.

அம்மையார் கறுப்புப் பலகையை எடுத்து, நடுவிலே கையால் அழுத்திக் காட்டினார். அது வளையவேயில்லை. மர நடுப்பகுதியின் மேலும் கீழும் அலுமினியக் கலப்புத் தகடு வைத்துச் செய்தது. மிகுந்த வேகத்தில் அதிராமல் நிற்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். வேகமும் பலமும் உள்ளவன் அதை வளைத்து ஆள்வான். இல்லாதவனை அது ஆளும். மென்மையான பலகையோ மெதுவாகச் செல்பவனுக்கும் வளைந்து கொடுக்கும், சிறு பிழைகளையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கடுவேகத்திலே நடுங்கும்.

நாங்கள் பார்த்தவை ‘மலை முழுவதற்கும் உரியவை’ என்று சொல்லப்படும் இனம். இயந்திரத்தாற் செப்பனிட்ட பாதை, இளகிய பனி, புதிதாய் விழுந்த மாவுப் பனி ஆகிய எல்லாவற்றிலும் ஓரளவு ஒத்துழைப்பவை. ஓரளவு என்பதே முக்கியம். இடை ஒடுங்கிய பலகை, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு விரைவில் மாறும். இறுகிய பனியிலே சிறக்கும். இடை அகன்றது மாவுப் பனியில் தோணி போல மிதக்கும். ஆனால் உறைந்த பாதையிலே அதைச் சரிக்க முழங்கால் கூடுதலாக உழைக்கவேண்டும். இந்த இனத்தின் இடை பெரும்பாலும் 80 முதல் 100 மில்லிமீற்றர் வரை இருக்கும். அந்த எல்லைக்குள் எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி.

162 சென்ரிமீற்றர் உயரமான மருமகளுக்கு, அவள் மூக்கு மட்டத்துக்கு வரும் 152 சென்ரிமீற்றர் பலகை வந்தது; இடை 82 மில்லிமீற்றர்; நடுத்தர விறைப்பு; வளைவின் ஆரை 14 மீற்றர். ஆரை குறைந்தால் சிறு வட்டங்களாக எளிதில் திரும்பலாம். கூடினால் நீண்ட வட்டங்களில் வேகமாகப் போகலாம். நுனி சற்று முன்னதாகவே மேல்நோக்கி வளைந்திருந்தது. திரும்பும்போது விளிம்பு எதிர்பாராமல் மாட்டிக்கொள்வதை அது குறைக்குமாம்.

மருமகனோ 100 மில்லிமீற்றருக்குக் குறைந்தது வேண்டாம் என்று நின்றான். "மாவுப் பனியிலே வருடத்தில் எத்தனை நாள்?" என்றார் அம்மையார். அவன் விரல் விட்டு எண்ணினான். நான்கு விரலுக்கு மேல் மடியவில்லை. "மற்ற நாட்களில் உன் முழங்கால் அந்த நான்கு நாளுக்கும் வரி கட்டவேண்டுமே!" என்றார் அவர். 178 சென்ரிமீற்றர் உயரமும் பலமும் கறுப்புப் பாதைப் பழக்கமும் உள்ள அவனுக்கு, உயரத்தோடு ஒத்த நீளமும் 90 மில்லிமீற்றர் இடையும் தகடு வைத்த விறைப்பும் உள்ள பலகை முடிவாயிற்று. செப்பனிடாத சரிவுகளுக்குப் போகுமுன் பனிச்சரிவு அறிவித்தலைப் படிக்கவேண்டும் என்றும் அவனுக்குச் சொல்லப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வரை ஆபத்தை அளந்து சொல்லும் அந்த அறிவித்தலை வெளியிடும் ஆராய்ச்சி நிலையமும் டாவோஸிலேயே இருக்கிறது. 1936-ஆம் ஆண்டு மலைமேல் ஒரு பனிக்குடிலிற் தொடங்கிய ஆராய்ச்சி அது.

மைத்துனரின் முறை வந்தது. "எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது வருடம் சமையலறை யன்னலால் பார்த்ததுதான்" என்றார். அம்மையார் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு சுலபமான விடை கடையிலே அபூர்வமாம். "நீங்கள் பலகை வாங்கவேண்டாம்" என்றார், "பழகுபவனுக்கு உரிய பலகையை ஒருவன் விரைவிலே கடந்துவிடுவான். வாடகைக்கு எடுங்கள். காசு செலவழிப்பதானால் சப்பாத்துக்குச் செலவழியுங்கள்." வன்சப்பாத்து காலோடு ஒட்டாவிட்டால், கால் நினைப்பது பலகைக்குப் போய்ச் சேராது. பாதத்தை அளந்து சப்பாத்துத் தெரிவதற்கே முக்கால் மணி நேரம் சென்றது. பலகை ஐந்து நிமிடத்தில் வந்தது: மோவாய் மட்டத்துக்கு நீளம், ஒடுங்கிய இடை, அழுத்தினால் மூங்கிற் பத்தை போல வளையும் மென்மை.

ஒரு படிவம்

இதன்பின் நடந்ததே என் தூதை முடித்து வைத்தது. பலகையையும் சப்பாத்தையும் இணைக்கும் பிணைப்பு என்றொரு பொறி உண்டு. விழும்போது காலை விட்டு விலகவேண்டியது அதன் கடமை. எவ்வளவு விசையில் விலகவேண்டும் என்பதை ஆளின் நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கிறார்கள். வயது ஐம்பது தாண்டினால் விசையைக் குறைக்கிறார்கள். இறுதியாக, நீ எவ்வகைச் சறுக்குபவன் என்று எழுதவேண்டும். அஞ்சி மெதுவாகச் செல்பவன் முதலாம் வகை. நடுத்தரமானவன் இரண்டாம் வகை. வேகமாகப் பாய்பவன் மூன்றாம் வகை. வேறெவரும் இதை நிரப்ப முடியாது. தானே தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சென்ற வருட விபத்தை மருமகள் சொல்லக் கேட்ட அம்மையார், "அந்தப் பிணைப்பை உனக்காகத் திருத்தினார்களா?" என்று கேட்டார். இல்லை. 85 கிலோ நிறையுள்ள இளைஞனுக்கு, அதுவும் மூன்றாம் வகைக்காரனுக்கு, இறுக்கி வைத்த பிணைப்பு அது. 52 கிலோப் பெண் விழுந்தபோது அது விலகவில்லை. பலகை ஒரு பக்கம் திரும்ப, கால் மறுபக்கம் திரும்பியது; நடுவில் இருந்தது முழங்கால். சரியாகத் திருத்திய பிணைப்பும் முழங்காலை எப்போதும் காத்துவிடும் என்பதில்லை. எனினும் இரவல் பிணைப்பிலே இறங்குவது பூட்டிய கதவின் மேல் ஓடி மோதுவது போல என்றார் அவர்.

தங்கை இதுவரை ஒரு மூலையில், கைப்பையை மடியிலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, "அப்படியானால் அந்த மலை அல்ல காரணம்?" என்று என்னிடம் கேட்டாள். "மலையும் ஒரு காரணந்தான். ஆனால் அதிகம் அந்த இரவல்" என்றேன். அவள் படிவத்தை எடுத்து மகளின் முன்னே வைத்தாள். மருமகளின் பேனா மூன்றாம் கட்டத்தின் மேல் சிறிது நேரம் நின்றது. பிறகு இரண்டாவதிலே குறியிட்டது. தடுக்க வந்த நான் தடுக்கவில்லை.

போல்கன் சரிவு

ஊரின் ஓரத்தில், யாக்கொப்ஸ்ஹோர்ன் மலையின் அடியிலே போல்கன் என்ற சரிவு இருக்கிறது. 1934-ஆம் ஆண்டு பொறியியலாளர் ஒருவர் சறுக்குபவரை மேலே இழுத்துச் செல்லும் கம்பி இயந்திரத்தை அங்கே அமைத்தார். உலகெங்கும் பரவிய அவ்வகை இயந்திரங்களுள் அது மிகப் பழையவற்றில் ஒன்று. அங்கேதான் மைத்துனரும் பழகினார். அவர் பக்கத்தில் நின்று பழகியவர் பலர் நான்கு, ஐந்து வயதினர். முதல் நாள் அவர் விழுந்த எண்ணிக்கையை இருபதுக்கு மேல் நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மென்பலகை வளைந்து கொடுத்தது. பிணைப்பு ‘டக்’ என்று விட்டது. அவர் எழுந்து பனியைத் தட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் நானும் தங்கையும் கயிற்றிழுவை மலைவண்டியில் ஏறி, 2,662 மீற்றர் உயரத்திலுள்ள வைஸ்ஃபுளூயோக் என்ற இடத்துக்குப் போனோம். நம் நாட்டின் எந்த மலைமுடியிலும் உயர்ந்த இடம் அது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மலைகள். மகள் சிவப்புப் பாதையிலே அளவாக வளைந்து வளைந்து இறங்கி, ஒரு பள்ளத்தில் மறையும்வரை தங்கை என் கையை இறுகப் பிடித்திருந்தாள். சிறிது நேரத்தில் கைத்தொலைபேசி ஒலித்தது. "அம்மா, நான் கீழே நிற்கிறேன். உறைந்த இடத்திலும் பிடித்தது" என்றாள் மகள். அதன் பிறகே தங்கை சுடுநீர்ப் போத்தலைத் திறந்து எனக்குத் தேநீர் வார்த்தாள்.

ஐந்தாம் நாள் மாலை மைத்துனர் போல்கன் சரிவின் மேலிருந்து புறப்பட்டு, பலகை நுனிகளை ஆப்பு வடிவிலே கூட்டி வைத்துக்கொண்டு, மூன்று முறை திரும்பி, விழாமல் வந்து மகளின் அருகே நின்றார். ஓர் ஆமையும் அவரை முந்தியிருக்கும். ஆனால் அவர் ஊரின் பக்கம் திரும்பி, கையை நீட்டி ஒரு கட்டடத்தைக் காட்டினார். "அதோ, கீழ்த்தட்டிலே மூன்றாவது யன்னல். அங்கே நின்றுதான் உருளைக்கிழங்கு சீவினேன்" என்றார். மகள் நெடுநேரம் அந்த யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லியது, ஏழையை அடக்கி வைக்கச் சொன்ன சொல்லோ என்று இளமையில் எனக்கு ஐயம் இருந்தது. இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. தன் அளவை ஒளிக்காமற் சொன்ன மைத்துனருக்குத்தான் அந்தக் கடையிலே முதலிற் கதவு திறந்தது. பாடநெறி தெரிவு செய்யும் மாணவரும், தொழில் தொடங்கும் இளைஞரும் இதை நினைத்துப் பார்க்கலாம். இன்றைய அளவை மறைத்தால் நாளைய அளவுக்கு வளர வழி இல்லை.

வாடகைப் பலகையைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, அடுத்த வருடத்துக்கென்று அம்மையார் படிவத்தை மீண்டும் எடுத்தார். "இப்போது எந்த வகை?" என்றார். மைத்துனர் தம் மகளைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"முதலாம் வகைதான்" என்றார்.